தோளில் இருந்த கை

1

அண்ணன் அனுப்பிய படத்தில் நான் நன்றாகவே இருந்தேன். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. வலது கை ஜெனியின் தோளில். ஜெனி வெள்ளை கவுன் போட்டு, தலையில் வெள்ளைப் பூக்கிரீடம் வைத்து, மெழுகுத்திரியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிக்கக் கூடாது என்று யாரோ சொன்னதை மதித்து நின்றாள். பின்னால் ஸ்டுடியோவின் தூண். ஓரத்தில் சுருட்டிக் கட்டிய சிவப்புத் திரை.

நான் அந்த ஸ்டுடியோவுக்குப் போகவே இல்லை. மரக்காணத்தில் அந்தப் படம் எடுத்த நேரத்தில் இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊரில், சலவை எந்திரம் எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இறந்துபோன அப்பாவைக் கல்யாண மேடையில் மகளுக்குப் பக்கத்தில் நிறுத்துவது, துபாயில் இருக்கும் மகனைக் குடும்பப் படத்தின் ஓரத்தில் சேர்ப்பது, பாஸ்போர்ட் படத்துக்குச் சட்டைமேல் கோட்டு மாட்டிவிடுவது எல்லாம் நம் ஸ்டுடியோக்காரர்களுக்கு அன்றாட வேலை. சில வாரங்களுக்கு முன் அண்ணன் கேட்டிருந்தான்: "ரீனா, முகம் நேரா தெரியற மாதிரி ஒரு ஃபோட்டோ அனுப்பு. லைட்டு இந்த மாதிரி வரணும்னு ஸ்டுடியோவுல சொல்றாங்க." வெளிச்சத்துக்கு மாதிரியாக ஒரு படமும் கூடவே வந்தது. என் வேலையே படமெடுப்பதுதான். மாதிரியைத் திறந்து பார்த்தேன். வெளிச்சம் இடதுபக்கம் மேலிருந்து விழுந்தது. அதற்குப் பொருந்தும் என் படம் ஒன்றைத் தேடி அனுப்பினேன்.

வந்த படத்தை நாலு முறை திறந்து பார்த்தேன். புடவையைக்கூட ஸ்டுடியோக்காரரே உடுத்திவிட்டிருக்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அன்றே அதை என் ஃபோனின் முகப்பில் வைத்தேன்.

2

ஜெனி என் அண்ணன் மகள். நான் அவளுக்கு அத்தை மட்டுமல்ல, ஞானத்தாயும்கூட. கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்காக ஒரு வரி: பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, இந்தப் பிள்ளையின் விசுவாசத்துக்கு நான் பொறுப்பு என்று கோயிலில் ஒருவர் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் பெண் ஞானத்தாய். பிள்ளை வளர்ந்து பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாளுக்குப் புதுநன்மை என்று பெயர். அன்று ஞானத்தாய் பிள்ளையின் பக்கத்தில் நிற்க வேண்டும். பூசை முடிந்ததும் இருவரும் ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வது எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த எல்லா வீட்டிலும் வழக்கம். அந்தப் படம் ஹாலில் மாட்டப்படும். கல்யாணப் படம் வந்து அதை நகர்த்தும்வரை அங்கேதான் இருக்கும்.

ஞானஸ்நானத்துக்கும் நான் போகவில்லை. அப்போது இங்கே படித்துக்கொண்டிருந்தேன், தேர்வு. வர முடியாத ஞானத்தாய்க்குப் பதிலாக வேறொருவர் நிற்கலாம் என்று ஃபாதர் சொன்னார். ஸ்டெல்லா அக்கா நின்றார்கள். அடுத்த தெருவில் இருப்பவர்கள், அம்மாவின் சிநேகிதி, உப்பளத்தில் வேலை. ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். மகன்கள் இருவரும் சென்னையில் வேலைக்குப் போய்விட்டார்கள். என் அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. ஊர் என்றால் எனக்கு அண்ணன் வீடுதான்.

புதுநன்மைத் தேதி தெரிந்தபோது என் விசா நீட்டிப்பு விண்ணப்பம் உள்ளே போயிருந்தது. முடிவு வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். இதை அண்ணனிடம் சொன்னேன், அண்ணியிடம் சொன்னேன், ஜெனியிடம்கூடச் சொன்னேன். எல்லாம் உண்மை. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: விண்ணப்பத்தை எப்போது போடுவது என்று நாள் பார்த்தவள் நான்தான். வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம், ஒரு பயிற்சி வகுப்பு எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி, இடைவெளி பார்த்துத்தான் போட்டேன். ஜெனிக்கு அந்த வருடம் புதுநன்மை என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை.

பிறகு வேறொரு பட்டியல் போட்டேன். ஞானத்தாய் செய்ய வேண்டியது இடதுபக்கம், செய்தது யார் என்று வலதுபக்கம்.

ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்துதல்: ஸ்டெல்லா அக்கா.
திரி ஏற்றிப் பிடித்தல்: ஸ்டெல்லா அக்கா.
செபம் சொல்லிக் கொடுத்தல்: ஸ்டெல்லா அக்கா, மறைக்கல்வி சிஸ்டரும்.
ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குக் கூட்டிப் போதல்: ஸ்டெல்லா அக்கா.
புதுநன்மைக்கு உடை வாங்குதல்: நான்.

ஒரே ஒரு வரியில் என் பெயர் வந்ததைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த கவுனும் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு, ஆதார் நகல் கேட்டு, அண்ணன் இரண்டு முறை அலைந்து, கடைசி வாரத்தில்தான் வீடு வந்து சேர்ந்தது.

3

நான் வேலை செய்வது ஓவியங்களைச் சீரமைக்கும் கூடத்தில். பழைய ஓவியங்களை எக்ஸ்ரேயிலும் அகச்சிவப்புக் கதிரிலும் படம் எடுப்பது என் பொறுப்பு. ஓவியத்தை நான் தொடுவதில்லை. தொடுபவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் பெண் மாதிரிதான் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஊர்ப் படம் வந்த அதே வாரம் எங்கள் மேசையில் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருந்தது. வயதான சீமாட்டி ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கரும்பச்சைப் பட்டு, காதில் முத்து. பக்கத்தில் எட்டு ஒன்பது வயதுப் பெண் நிற்கிறாள், கையில் செர்ரிப் பழக் கொத்து. சீமாட்டியின் கை பெண்ணின் தோளில். பின்னால் ஒரு தூண், ஓரத்தில் சுருட்டிக் கட்டிய சிவப்புத் திரை. அந்தத் தூணுக்கும் மரக்காணம் ஸ்டுடியோத் தூணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் எந்தக் கூரையையும் தாங்கவில்லை. சட்டத்தில் சீமாட்டியின் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. பெண்ணின் பெயரும் இருந்தது.

அந்தக் காலத்து வெள்ளைச் சாயத்தில் ஈயம் இருக்கும். ஈயம் எக்ஸ்ரேயைத் தடுக்கும். அதனால் ஓவியர் வெள்ளை கலந்து பூசிய நெற்றி, மூக்கு நுனி, துணி மடிப்பு எல்லாம் எங்கள் படத்தில் வெளுப்பாக விழும். மேலே எதைப் பூசி மூடியிருந்தாலும் அடியில் இருப்பதும் சேர்ந்தே விழும்.

கணினித் திரையில் சீமாட்டிக்கு இரண்டு தலைகள் இருந்தன.

என் மேலதிகாரி ஹெலன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சீமாட்டியின் முகத்துக்கு அடியில் இன்னொரு பெண்ணின் முகம். தலையில் சாதாரண வெள்ளைத் துணித் தொப்பி. மேலே இருக்கும் முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. அடியில் இருந்த முகம் குனிந்து அந்தச் சிறுமியைப் பார்க்கிறது.

"கையைப் பார்," என்றார் ஹெலன்.

பார்த்தேன். தோளில் இருந்த கைக்கு இரண்டாவது அடுக்கு இல்லை. அது முதலில் வரைந்த பெண்ணின் கை. மணிக்கட்டில் ஒரு முத்து வளையலை மட்டும் பிறகு தீட்டியிருந்தார்கள்.

"தாதியாக இருக்கலாம். பிள்ளையை வளர்த்தவளாக இருக்கலாம்," என்றார். "முதலில் அவளோடு வரைந்திருப்பார்கள். அப்புறம் பெரிய வீட்டம்மாவுக்கு அந்த இடம் வேண்டியிருந்திருக்கும். தலையை மாற்றினால் போதும், கை நன்றாக வந்திருக்கிறது என்று விட்டிருப்பார்கள். ஊகம்தான். எழுதி வைக்காதே."

அப்போது மேசையில் என் ஃபோன் ஒளிர்ந்தது. ஹெலன் எட்டிப் பார்த்தார்.

"உன் மகளா?"

"ஞானமகள்."

"அட, இதே நிலை! நீ கையை வைத்திருக்கும் விதம் ரொம்ப அழகு. அவள்மேல் உனக்கு எவ்வளவு பிரியம் என்று அந்தக் கையிலேயே தெரிகிறது."

நன்றி என்றேன். இங்கே வந்த பிறகு யார் எதைச் சொன்னாலும் யோசிப்பதற்கு முன்பே நன்றி வந்துவிடுகிறது.

4

வீட்டுக்குப் போகுமுன் கை கழுவப் போனேன். குழாயடியில் என் கையைப் பார்த்தேன். கையுறைக்குள்ளேயே இருந்து இருந்து வெளுத்த, மெல்லிய கை. ஃபோனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினேன்.

ஜெனியின் தோளில் இருந்தது அகலமான கை. விரல் கணுக்களில் உப்புத் தண்ணீர் தின்ற வெடிப்புகள். ஸ்டுடியோக்காரர் தோலை வெளுப்பாக்கிப் பார்த்திருக்கிறார், ஆனால் வெடிப்புகள் போகவில்லை. ஆள்காட்டி விரல் நகம் நடுவில் பிளந்து வளர்ந்திருந்தது. அந்த நகத்தை எனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்குத் தலை வாரும்போது என் முடியில் சிக்கியிருக்கிறது.

புடவையும் ஸ்டுடியோ உடுத்தியது இல்லை. சங்கிலியும் ஸ்டுடியோ போட்டது இல்லை.

வாட்ஸப்பில் மேலே தள்ளிக்கொண்டே போனேன். அண்ணன் மாதிரிக்கு அனுப்பிய அந்தப் படம் இருந்தது. அதே தூண், அதே திரை, அதே ஜெனி. பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா, மயில்கழுத்துப் புடவையில், தலையை நிமிர்த்திக்கொண்டு. கேமராவைப் பார்க்கச் சொல்லியும் கண் பாதி ஜெனி பக்கம் போயிருந்தது. அதற்குக் கீழே நான் போட்டிருந்த கட்டைவிரல் அடையாளம். அதற்குக் கீழே என் படம்.

நான் அந்தப் படத்தைத் திறந்து பார்த்திருக்கிறேன். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்த்தேன், நிழலின் கோணம் பார்த்தேன். அதில் ஸ்டெல்லா அக்கா நின்றுகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். பக்கத்தில் என்னைச் சேர்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். எங்கே சேர்ப்பார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

இருநூறு வருடத்துக்கு மேலாக மூடிக் கிடந்த பெண்ணை ஒரு மதியத்தில் கண்டுபிடித்துவிட்டு, என் ஃபோனிலேயே இருந்தவரை விட்டுவிட்டேன். அந்தச் சீமாட்டிக்கு அடியில் இருப்பவள் யார் என்று இனி யாரையும் கேட்க முடியாது. என் தலைக்கு அடியில் இருப்பவருக்குப் பெயர் இருக்கிறது, ஃபோன் நம்பரும் இருக்கிறது.

5

முதலில் அண்ணனைத்தான் கூப்பிட்டேன். ஈசிஆர் ரோட்டில் அவனுக்கு ஹார்டுவேர் கடை. பின்னால் யாரோ பிவிசி பைப் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"படம் சூப்பரா வந்துருக்குதுல்ல? எல்லாரும் நீ எப்ப வந்தன்னு கேக்கறாங்க," என்றான்.

"அண்ணா, அது ஸ்டெல்லா அக்கா ஒடம்பு."

"ஆமா. அதுக்கு?"

"என்னைப் பக்கத்துல சேத்துருக்கலாம்ல?"

"அதான் நானும் கேட்டேன். மூணு பேரு நின்னா புள்ள சின்னதா தெரியும் சார்னுட்டான். ரெண்டு பேரும் ஒரே ஹைட்டு, தலய மட்டும் மாத்திடலாம், நீட்டா இருக்கும்னான். சரி பண்ணுப்பான்னேன். ஞானத்தாயி நீதான? கோயில் ரிஜிஸ்டர்ல உன் பேருதான இருக்குது?"

"ஸ்டெல்லா அக்காகிட்ட சொன்னீங்களா?"

"தினம் வேல முடிஞ்சி போவும்போது கடைல நின்னு, போட்டோ வந்துச்சாப்பா, போட்டோ வந்துச்சாப்பான்னு கேக்கறாங்க. லேட் ஆவும்க்கான்னு சொல்லினு இருக்கேன்."

கடைக்கு வந்திருந்த மெர்சி அண்ணி ஃபோனை வாங்கினார்கள். "ரீனா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. ஹால்ல மாட்டற போட்டோ. எங்க வீட்டாளுங்க வருவாங்க, யாரு இவங்கன்னு கேப்பாங்க. உப்பளத்துல வேல செய்யறவங்கன்னா சொல்றது? அவங்க நல்லவங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அத்த லண்டன்ல இருக்கும்போது..."

நான் இருப்பது லண்டன் இல்லை. பல முறை சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். அண்ணியிடம் அப்போது கோபப்பட்டிருக்கலாம். ஆனால் இங்கே சேர்ந்த புதிதில் உன் ஊர் எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் கடற்கரை ஊர் என்பேன். உப்பு விளையும் ஊர் என்று சொன்னதில்லை. அடுத்து எழும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் மனம் இல்லை.

"ஸ்டெல்லா அக்காவுக்கு நானே பேசறேன், அண்ணி," என்றேன்.

"பேசு, பேசு. ஆனா போட்டோவ மாட்டியாச்சு."

6

முக்கியமான ஃபோன் பேச்சுக்கு முன்னால் சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொள்வேன். அன்றும் எழுதினேன். எழுதிய பிறகு பார்த்தால் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தச் சொற்களுக்கு எழுத்துத் தமிழ் எனக்குத் தெரியும். ஸ்டெல்லா அக்காவிடம் பேசுகிற தமிழில் அவற்றை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். உப்பளத்துக் காற்று ஃபோனுக்குள் புகுந்து இரைந்தது.

"அக்கா, நான் ரீனா."

"தெரியுது. நம்பரு நீளமா வருதே. சொல்லு."

எப்போதும் 'சொல்லு கண்ணு' என்பார்கள்.

"அக்கா, அந்த போட்டோ..."

"பாத்துட்டேன். ஜெனி காட்டுச்சு. அவங்கம்மா ஃபோன்ல பெருசு பண்ணிப் பெருசு பண்ணி காட்டுச்சு. பொடவ என்துது. செயினு என்துது. கை என்துது. மூஞ்சி மட்டும் உன்துது."

"எனக்குத் தெரியாதுக்கா. இப்படிப் பண்ணுவாங்கன்னு..."

"உன் போட்டோ தானா நடந்து ஸ்டுடியோவுக்குப் போச்சா?"

நான் துண்டுக் காகிதத்தை மடித்தேன்.

"ஞானத்தாயி நீதான்னு எனக்குத் தெரியாதா? நான் இன்னா அந்தப் பட்டத்துக்கா நின்னேன்? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுருந்தா நானே நவுந்துருப்பேன். புள்ளய தனியா நிக்க வச்சி எடுத்துட்டு உன்ன ஒட்டிக்கோங்கன்னு சொல்லிருப்பேன். கேக்கல. நிக்க வச்சான். கைய இங்க வைங்கம்மான்னான், வச்சேன். தலய தூக்குங்கன்னான், தூக்கனேன். எல்லாத்தையும் பண்ண வச்சிட்டு, அப்புறம் தலய எடுத்துட்டா? ஏன், என் தல இன்னா பண்ணுச்சு?"

பக்கத்தில் யாரோ ஒரு பெண் "யாருடி?" என்று கேட்டது காதில் விழுந்தது. "ஒண்ணுமில்ல, லண்டன்காரி," என்றார்கள்.

"வேற போட்டோ எடுக்கச் சொல்றேன்க்கா. நீங்களும் ஜெனியும் மட்டும்."

"வாணாம். ஒரு வாட்டி நின்னாச்சு. வேல கெடக்குது, வைக்கிறேன்."

வைத்துவிட்டார்கள். காகிதத்தில் எழுதியிருந்தவற்றில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை.

7

அதற்குப் பிறகு ஸ்டெல்லா அக்கா அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. கடை வழியாகப் போவதையும் விட்டுவிட்டு, பின்தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விக்கு ஜெனியை அண்ணன் பைக்கில் இறக்கிவிட்டான். இதையெல்லாம் அண்ணி சொன்னார்கள். பேச்சில் பழைய உறுதி இல்லை. "இவ்ளோ ரோஷம் இருக்கும்னு நெனைக்கல," என்றார்கள். கொஞ்சம் கழித்து, "ஜெனி சரியா சாப்புடறதில்ல," என்றார்கள்.

எங்கள் கூடத்தில் அந்த ஓவியத்தின் வேலை முடிந்தது. பெயர்ப் பலகையில் சீமாட்டியின் பெயரே இருக்கும். எக்ஸ்ரே கோப்புக்குள் போகும். "யாரென்று தெரியாதவள் பெயரைப் பலகையில் எப்படி எழுதுவது?" என்றார் ஹெலன். நியாயமான கேள்வி. என் குறிப்பில், தோளில் இருக்கும் கை முதல் உருவத்துக்கு உரியது, பின்னால் மாற்றப்படவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேவைப்பட்டவர் கோப்பைத் திறந்து படித்துக்கொள்வார். அப்படி யாரும் திறப்பதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த வார இறுதியில் ஜெனி கூப்பிட்டாள். அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வழக்கமாக அண்ணி ஃபோனை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "பேசு, அத்த பாரு, பேசு" என்பார்கள். அவள், "நல்லா இருக்கேன் ஆண்ட்டி. நீங்க சாப்ட்டீங்களா ஆண்ட்டி," என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். வகுப்பில் டீச்சரிடம் பேசும் குரல் அது.

இப்போது தனியாக இருந்தாள் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஆண்ட்டி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு செல்லம்."

"கோச்சிக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"அந்த கவுன் இருக்குதுல்ல, நீங்க அனுப்புனது. அது எனக்கு லூசு. தோள்ல நிக்கவே நிக்காது, வழிஞ்சி வழிஞ்சி வரும். பின்னாடி பின்னு குத்தியும் நிக்கல. கோயில்ல ஃபுல்லா ஸ்டெல்லாம்மாதான் புடிச்சினு இருந்தாங்க. போட்டோலயும் அதான் புடிச்சினு இருக்காங்க. எல்லாரும் ஆசையா கை வச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. இல்ல ஆண்ட்டி. கைய எடுத்தா கவுன் கீழ போயிடும்."

இங்கிலாந்து அளவுப் பட்டியலைப் பார்த்து, வயதைப் பார்த்து, ஒன்று பெரிதாகவே இருக்கட்டும் என்று வாங்கிய கவுன். அவள் உயரத்தையும் தோள் அகலத்தையும் நான் யாரிடமும் கேட்கவில்லை. என் பட்டியலில் என் பெயர் இருந்த அந்த ஒரு வரியும் நகர்ந்து ஸ்டெல்லா அக்கா பக்கம் போனது.

"சரி செல்லம். என்ன கேக்கணும்?"

ஒரே மூச்சில் கேட்டாள்.

"நீங்க போட்டோலேர்ந்து எறங்கிடறீங்களா? நீங்க எறங்கிட்டா ஸ்டெல்லாம்மா வந்துடுவாங்க."

இதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. "எறங்கிடறேன்," என்றேன். சொன்ன பிறகுதான் வலித்தது. அவள் கேட்ட விதத்தில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. பஸ்ஸில் யாரோ ஒருவரின் சீட்டில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டவரிடம் கேட்பது மாதிரி மரியாதையாகக் கேட்டாள்.

8

அண்ணன் ஸ்டுடியோவுக்குப் போய்க் கேட்டான். பழைய படம் அங்கே இல்லை. "டெலிவரி குடுத்ததும் மெமரி கார்டை அழிச்சிடுவோம் சார். ஃபைனல் மட்டும்தான் இருக்குது. அதுக்கு அடில ஒண்ணும் இருக்காது," என்று சொல்லிவிட்டார்களாம். எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தவர்கள் அடியில் இருப்பதை அழிக்க முடியாமல் விட்டுவைத்தார்கள். இங்கே அந்தத் தொல்லையும் இல்லை.

மீதி இருந்தது என் ஃபோனில் இருந்த மாதிரிப் படம் ஒன்றுதான். வாட்ஸப் அதை நசுக்கிச் சின்னதாக்கியிருந்தது. வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, என்னால் முடிந்தவரை சரிசெய்தேன். முகத்தை வெளுப்பாக்கவில்லை, வெடிப்புகளைத் தொடவில்லை. போஸ்ட்கார்டு அளவுக்கு மேல் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. அந்த அளவிலேயே அண்ணனுக்கு அனுப்பினேன். சட்டத்திலிருந்து பெரிய படத்தை எடுத்துவிட்டு, சுற்றிலும் வெள்ளை அட்டை வைத்து, நடுவில் இதை மாட்டச் சொன்னேன்.

அண்ணி தடுக்கவில்லை. "பெரிய ஜன்னல்ல சின்னப் பசங்க எட்டிப் பாக்கற மாதிரி இருக்குது," என்றார்கள். அவ்வளவுதான். மாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்டெல்லா அக்காவைக் கூட்டி வரும் வேலையை ஜெனி எடுத்துக்கொண்டாள். நான் இங்கே விடியுமுன்பே எழுந்து, டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி வீடியோவில் கூப்பிட்டு, "இரு, வர்றாங்க, நீயும் பாரு," என்று ஃபோனை டிவி மேசைமேல் சாய்த்து வைத்தார்கள். எனக்குச் சுவரும் சட்டமும் பாதி வாசலும் தெரிந்தன. இரண்டு சோடிச் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. அப்போது யாரோ மேசையை இடித்தார்கள். ஃபோன் சரிந்து மல்லாந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது ஃபேன் மட்டும்தான்.

"வாங்கக்கா, உக்காருங்க," என்றார்கள் அண்ணி.

"உக்காரல்லாம் வரல. புள்ள கைய புடிச்சி இழுத்துச்சு, வந்தேன்."

"ஸ்டெல்லாம்மா, மேல பாருங்க. அங்க இல்ல, அங்க!"

ஃபேன் சுற்றியது.

"இன்னாடி இத்தினியூண்டு இருக்கேன்?"

"அது வாட்ஸப்பு போட்டோ. அவ்ளோதான் வரும்."

"கண்ண தொறந்துதான் இருக்கேன் பாரு. அந்த ஸ்டுடியோக்காரன் கண்ண மூடறீங்க, கண்ண மூடறீங்கன்னு எத்தினி வாட்டி எடுத்தான்!"

"நீங்க என்ன கிள்ளுனீங்க."

"கிள்ளல. கவுன இழுத்துப் புடிச்சேன். உட்டுருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி. ஃபாதர் முன்னாடி ஜட்டியோட நின்னுருப்ப."

ஜெனி சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. விக்கல் மாதிரி வந்து, நிற்க மாட்டாமல் போனது. அண்ணியும் சிரித்துவிட்டார்கள். அண்ணன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. டம்ளர் வைக்கும் சத்தம். "சக்கர போட்டியா? போதும், போதும்." நாற்காலி இழுபட்டது. கிரீடத்தில் ஒரு பூ தொங்கிக்கொண்டிருந்ததை அன்றைக்கே சொன்னேன், யாரும் கேட்கவில்லை என்று ஸ்டெல்லா அக்கா ஆரம்பித்தார்கள். தொங்கவில்லை என்றாள் ஜெனி. எழுந்து போய்க் கிட்டத்தில் பார் என்றார்கள்.

நான் ஃபோனில் இருக்கிறேன் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. கூப்பிட்டிருந்தால் யாராவது எடுத்து நிமிர்த்தியிருப்பார்கள். ஸ்டெல்லா அக்கா முகத்துக்கு நேரே நீட்டியிருப்பார்கள். அவர்களும் ஏதாவது பேசியாக வேண்டியிருக்கும்.

என் சமையலறையில் தண்ணீர் கொதித்து, கெட்டில் சத்தம் போட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் அங்கே போய்விடக் கூடாது என்று என் பக்கத்து மைக்கை அணைத்தேன்.